லண்டனுக்குப் படிக்கப் போகும் டெல்டா பிள்ளைகளுக்கு: நாடகம் பார்க்கவும் ஊர் சுற்றவும் ஒரு வழிகாட்டி

லண்டனில் இறங்கிய முதல் மாதத்துக்குள் ஒரு நாடகம் பார்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு, வாடகை ஒப்பந்தம் என்று செய்யவேண்டிய வேலைகளையெல்லாம் உங்களுக்கு முன்னால் போனவர்கள் சொல்லிவிடுவார்கள். இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கும்பகோணத்தில் என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கூட வரும் அப்பாக்களுக்கு அது பிடிக்காது. "நிலத்தை வச்சுக் கடன் வாங்கி அனுப்புறோம் தம்பி, படிக்கப் போற எடத்துல நாடகம் எதுக்கு?" என்று திருவிடைமருதூர்க்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். "மாமா, அங்கே ஒரு வேளை வெளியில் சாப்பிடுகிற காசுக்கு நாடகம் பார்க்கலாம். பையன் வாய் திறந்து நாலு பேரோடு பேசவும் அது உதவும்" என்றேன்.

அது வெறும் சமாதானத்துக்குச் சொன்னதில்லை. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஈஸ்ட்ஹாமிலோ வெம்ப்ளியிலோ ஒரு வீட்டில் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்குகிறார்கள். வகுப்பு, பகுதி நேர வேலை, திரும்பி வந்தால் குக்கரில் சாதம், போனில் ஊர்ச் செய்தி. ஒரு வருட முதுகலைப் படிப்பு இப்படியே ஓடி முடிந்துவிடும். பேராசிரியர் பேசும் ஆங்கிலம் பழகியிருக்கும். பஸ் டிரைவர் பேசுவது, வீட்டுக்காரர் கோபத்தில் பேசுவது, இரண்டு தோழிகள் சிரித்துப் பேசிக்கொள்வது, இதெல்லாம் காதில் ஏறாமலே விமானம் ஏறிவிடுவார்கள். மேடையில் இவை அத்தனையும் நடக்கும், நன்றாகத் தெளிவாகவும் கேட்கும். அந்த ஊர்க்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு மூச்சடக்குகிறார்கள் என்பதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

இன்னொன்று. நாடகம் நமக்குப் புதிதே அல்ல. இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் தரவேண்டும் என்று அது சொல்கிறது. இன்றும் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி விடிய விடிய பாகவத மேளா நடக்கிறது. ஒரத்தநாட்டுப் பக்கத்து ஊர்களில் இரணிய நாடகம் உண்டு. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து போகிறவர்கள் வெஸ்ட் எண்டு என்ற லண்டன் தியேட்டர் வட்டாரத்தின் வாசலில் கூச்சப்பட்டு நிற்கவேண்டியதில்லை.

டிக்கெட் விஷயம்

இணையத்தில் முதலில் கண்ணில் படும் விலையைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். புகழ்பெற்ற மியூசிக்கல் ஒன்றுக்கு நல்ல இருக்கை நூறு பவுண்டைத் தாண்டும். அதை ரூபாயாக்கிப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. மாணவர்கள் போகும் வழி வேறு.

லெஸ்டர் ஸ்கொயரில் டிகேடிஎஸ் என்று ஒரு சிறிய கூண்டு இருக்கிறது. தியேட்டர்களின் சங்கமே நடத்துவது. அன்றைக்கு மிச்சம் இருக்கும் இருக்கைகளைக் குறைந்த விலைக்கு அங்கே விற்பார்கள். அதைச் சுற்றியே பாதி விலை என்று பலகை மாட்டிய தனியார் கடைகளும் உண்டு. அங்கே போகாதீர்கள். டுடேடிக்ஸ் செயலியில் அன்றைய காட்சிக்கான, ரஷ் என்று சொல்லும் மலிவு டிக்கெட் பெரும்பாலும் காலை 10 மணி வாக்கில் திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். சில தியேட்டர்களின் கவுண்டரிலேயே காலையில் அன்றைய டிக்கெட் கிடைக்கும். மாணவர் அட்டையை எப்போதும் பர்ஸில் வைத்திருங்கள். "ஸ்டூடன்ட் டிஸ்கவுண்ட் இருக்கா?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அங்கே எல்லோரும் கேட்பார்கள்.

தேம்ஸின் தென்கரையில் இருக்கும் நேஷனல் தியேட்டரில் 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு இலவச உறுப்பினர் திட்டம் ஒன்று உண்டு. சேர்ந்தால் டிக்கெட் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அந்த வயதுக்குள் இருந்தால் சிம் கார்டு வாங்கிய கையோடு சேர்ந்துவிடுங்கள். 1976இல் திறந்த அந்தக் கான்கிரீட் கட்டடத்தைச் சிலருக்குப் பார்த்ததும் பிடிக்காது. எனக்கு லண்டனிலேயே மிகப் பிடித்த கட்டடம் அதுதான். உள்ளே மூன்று அரங்குகள். டிக்கெட் இல்லாமலும் முன்கூடத்துக்குள் போகலாம், வைஃபை உண்டு, யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். வீட்டில் ஹீட்டருக்குக் காசு கணக்குப் பார்க்கும் டிசம்பர் மாதத்தில், கதகதப்பான அந்தக் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதும் மாணவர்கள் ஏராளம்.

இருக்கை வாங்கும்போது 'ரெஸ்ட்ரிக்டட் வியூ' என்று போட்டிருந்தால் எதிரே தூணோ கைப்பிடிக் கம்பியோ மறைக்கும் என்று அர்த்தம். கொஞ்சம் கழுத்தை நீட்டிப் பார்க்க முடிந்தால் அது லாபம்தான். மேல்மாடி இருக்கைகள் மிகச் செங்குத்தானவை, உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் தவிர்க்கலாம்.

நின்று பார்க்கும் அரங்கு

குளோப் தியேட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சேக்ஸ்பியரின் குழு நடித்த முதல் குளோப் 1599இல் கட்டியது. 1613இல் நாடகத்தின் நடுவே பீரங்கி வெடித்தபோது பொறி பறந்து கூரை பற்றி எரிந்து சாம்பலானது. மறுபடி கட்டினார்கள், 1642இல் நாடகங்களுக்கே தடை வந்து மூடினார்கள். இப்போது இருப்பது சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் பல ஆண்டுகள் அலைந்து பணம் திரட்டியதால் எழுந்தது. 1997இல் அது திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஓக் மரச் சட்டங்கள், சுண்ணாம்புச் சுவர், மேலே நிஜமான புல் வேய்ந்த கூரை. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் கூரை வேயக் கிடைத்த முதல் அனுமதி அது.

நடு முற்றத்துக்கு மேலே கூரை கிடையாது. அங்கே சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம், அந்த டிக்கெட்தான் மலிவு. நான் படித்த காலத்தில் 5 பவுண்டு, இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது. நீங்கள் வாங்கவேண்டியது அதைத்தான். நடிகர்கள் உங்களை உரசிக்கொண்டு மேடை ஏறுவார்கள், உங்கள் முகத்தைப் பார்த்து வசனம் சொல்வார்கள். பகல் காட்சியில் அவர்களுக்கும் நமக்கும் ஒரே வெளிச்சம். மாரியம்மன் கோயில் திடலில் கூத்து பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கம் உடனே பிடிபடும். காட்சி நடக்கும்போது முற்றத்தில் தரையில் உட்கார விடமாட்டார்கள். மழை வந்தால் குடை பிடிக்கவும் அனுமதி இல்லை, தலை மூடிய மழைக்கோட்டு வேண்டும். இரண்டரை மூன்று மணி நேரம் நிற்கத் தோதான செருப்போ ஷூவோ போட்டுப் போங்கள். சீக்கிரம் போனால் மேடை விளிம்பில் கையூன்றி நிற்க இடம் கிடைக்கும். திறந்த அரங்கில் காட்சிகள் கோடையை ஒட்டித்தான், அக்டோபரோடு பொதுவாக முடிந்துவிடும். செப்டம்பரில் போய் இறங்குகிறவர்களுக்குச் சில வாரங்கள்தான் கையில் இருக்கும் என்பதால்தான் முதல் மாதம் முதல் மாதம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குளிர்காலத்தில் அதே வளாகத்தின் சின்ன உள்ளரங்கில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம் நடக்கும். அது இன்னொரு அனுபவம், விலை மட்டும் கூட.

ஆங்கிலம் புரியுமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சேக்ஸ்பியர் வசனம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பாதி புரியாது. கதைச்சுருக்கத்தை முந்தின நாள் படித்துவிட்டுப் போனால் போதும், மீதியை உடம்பும் குரலும் சொல்லிவிடும். புதிய நாடகங்களுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது. காது கேளாதவர்களுக்காக வசனங்களைத் திரையில் எழுத்தாகக் காட்டும் காட்சிகளைச் சில நாட்களில் நடத்துவார்கள். டிக்கெட் தளத்தில் 'கேப்ஷன்ட்' என்று போட்டிருக்கும். அதில் ஒன்றுக்குப் போங்கள். பேச்சையும் எழுத்தையும் சேர்த்துப் பிடிக்க ஆரம்பித்துவிட்டால் அடுத்த நாடகத்துக்குத் திரை தேவைப்படாது.

பழக்கவழக்கம் கொஞ்சம்தான். மாலைக் காட்சி பெரும்பாலும் 7 அல்லது 7.30க்கு, சொன்ன நிமிடத்தில் தொடங்கும். தாமதமாகப் போனால் தோதான இடைவெளி வரும்வரை வெளியில் நிற்கவைப்பார்கள். போனை அணைத்துவிடவேண்டும், நடுவில் படம் எடுக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். உடை எதுவானாலும் சரி, ஜீன்ஸ் போதும்.

போக்குவரத்து

16-25 ரெயில்கார்டு என்ற கட்டணச் சலுகை அட்டையை வாங்குங்கள். பெயர் அப்படி இருந்தாலும், 25 தாண்டிய முழுநேர மாணவர்களுக்கும் கொடுப்பார்கள். அதை டியூப் (சுரங்க ரயில்) நிலையத்தில், பயணக் கட்டணம் கட்டும் ஆய்ஸ்டர் அட்டையோடு இணைத்துத் தரச் சொன்னால் நெரிசல் இல்லாத நேரங்களில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் ஒரே கட்டணம்தான். வெள்ளி, சனி இரவுகளில் சில டியூப் தடங்கள் விடிய விடிய ஓடும். ஊர் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாடியில் முன்வரிசைதான்.

நடப்பது அதைவிட நல்லது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து தென்கரையோரமாகவே டவர் பிரிட்ஜ் வரை நடங்கள். நேஷனல் தியேட்டர், டேட் மாடர்ன் கலைக்கூடம், குளோப் எல்லாம் அதே கரையில். பாலத்தடியில் பழைய புத்தகக் கடை பரப்பியிருப்பார்கள். காவிரியில் தண்ணீர் எப்போது வரும் என்று மேட்டூரைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு, கடல் ஏற்றவற்றத்தால் தினம் இருமுறை ஆறேழு மீட்டர் ஏறி இறங்கும் தேம்ஸ் ஆச்சரியமாக இருக்கும்.

நம் ஊர்ச் சாமிகள்

பிரிட்டிஷ் மியூசியம் இலவசம். 33ஆம் எண் கூடத்தில் 1100ஐ ஒட்டிய காலத்து நடராசர் இருக்கிறார். அவரைப் பார்த்த கையோடு ஸ்ட்ராண்டு தெருவுக்கு நடந்து போய், ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் என்ற நீதிமன்றக் கட்டடத்தையும் பாருங்கள் என்பேன். திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த இன்னொரு நடராசர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடா நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. 1982இல் போலீசார் சிலையைக் கைப்பற்றினார்கள், அந்த நீதிமன்றத்தில்தான் வழக்கு நடந்தது. இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலையே ஒரு வழக்காளியாக ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1988இல் தீர்ப்பு நம் பக்கம். 1991இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாகி நடராசர் ஊர் திரும்பினார். வேலை நாட்களில் அங்கே பார்வையாளர் இருக்கையில் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து வழக்கு கேட்கலாம், கட்டணம் இல்லை. சட்டம் படிக்கிற பிள்ளைகள் தவறவே விடக்கூடாது.

ஆக்ஸ்ஃபோர்டு ஒரு மணி நேர ரயில் பயணம். அங்குள்ள ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருந்த திருமங்கையாழ்வார் திருமேனி, கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சுந்தரப்பெருமாள்கோயிலைச் சேர்ந்தது. அதைத் திருப்பித் தர 2024இல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. இந்தக் கதைகளை உங்கள் வகுப்பு நண்பர்களுக்குச் சொல்லுங்கள். நம்மைவிட ஆர்வமாகக் கேட்பார்கள்.

தமிழ் நாடகமும் வேலையும்

லண்டனில் தமிழ் நாடகத்தை வளர்த்தவர்கள் ஈழத்தமிழர்கள். க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் 1978இல் இலங்கையில் தொடங்கி, பிறகு லண்டனில் தொடர்ந்தது. கோயில் அறிவிப்புப் பலகை, தமிழ்க்கடைச் சுவரொட்டி இரண்டிலும் கண் வைத்திருங்கள். போனால் பெரியவர்கள் "எந்த ஊர் தம்பி?" என்று விசாரித்து, சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள்.

தியேட்டர்களில் டிக்கெட் சரிபார்த்து இருக்கை காட்டும் வேலைக்கு மாணவர்களை எடுப்பார்கள். நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு அது. பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்களுக்குப் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. முக்கியமான எச்சரிக்கை ஒன்று: மாணவர் விசாவில் கலைஞராகச் சம்பளத்துக்கு மேடை ஏற அனுமதி இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பரதமோ மிருதங்கமோ நாகசுரமோ கற்றுக்கொண்டு போகிற பிள்ளைகள் நிறையப் பேர். கல்யாணக் கச்சேரிக்குக் கூப்பிட்டுக் கையில் பணம் தருவார்கள். எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், விசாவுக்கே ஆபத்து.

விடுமுறையில் சேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு-அப்பான்-ஏவனுக்கு ஒரு நாள் போகலாம். மேரில்போன் நிலையத்தில் ரயில் ஏறவேண்டும். லண்டனுக்குள்ளேயே இன்னொரு ஸ்ட்ராட்ஃபோர்டு இருப்பதால் டிக்கெட்டில் முழுப்பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1947 முதல் ஆகஸ்டு மாதங்களில் நடக்கும் எடின்பரா ஃப்ரிஞ்ச் என்ற கலை விழாவுக்குப் போவதென்றால் ஆசையைவிட முன்யோசனைதான் அதிகம் வேண்டும். தேவாலயக் கூடம், மதுக்கடை மாடி, வகுப்பறை என்று நகரமே மேடையாகிவிடும். இலவசக் காட்சிகளும் ஏராளம், முடிவில் தொப்பியை நீட்டுவார்கள், முடிந்ததைப் போடலாம். ஆனால் தங்குமிட வாடகை அந்த மாதம் பல மடங்காகிவிடும். அது ஆய்வேடு எழுதும் மாதமும்கூட. மேற்பார்வையாளரிடம் ஜூலைக்குள் முதல் வரைவைக் கொடுத்துவிட்டு, மார்ச்சிலேயே அறையையும் இரவு நேர பஸ்ஸையும் பதிவு செய்துகொண்டு, இரண்டு நாளுக்குப் போய்வாருங்கள்.