பிக்கப் எடுத்துட்டு லீவுக்குக் கிளம்புறீங்களா, நான் பண்ண தப்பப் பண்ணாதீங்க

போன மாசம் கயத்தாறு பக்கம் ஒரு டீக்கடையில நின்னுட்டிருந்தேன், பக்கத்துல ஒரு புது இசுஸு வி-கிராஸ் பிக்கப் வந்து நின்னுச்சு, சீட்டுல பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல. ஓட்டிட்டு வந்த தம்பி கண்ணாடிய இறக்கி டீ சொன்னான், எட்டிப் பார்த்தா மீட்டர்ல 4ஹெச் லைட், அதான் நாலு சக்கரமும் சேந்து இழுக்கிற ஃபோர் வீல் லைட், எரிஞ்சிட்டிருக்கு. ரோடு வெயில்ல காஞ்சு கெடக்கு. "அது எதுக்குப்பா போட்ருக்க"ன்னு கேட்டா, "ஸ்பீடா போறப்ப கிரிப் இருக்கும்ல அண்ணே, ஃபேமிலி வேற இருக்கு"ங்கிறான். எனக்கு டீயே இறங்கல. 2018ல நான் சொன்ன அதே டயலாக்.

சீட் பெல்ட் போடு, தூக்கம் வந்தா ஓரங்கட்டுன்னுலாம் நான் சொல்லப் போறதில்ல, அது உங்க வீட்டுலயே சொல்லுவாங்க.

4ஹெச்ச போட்டுட்டு ஹைவேல போறது

இதத்தான் நீட்டி சொல்லணும், ஏன்னா காசு போனது இதுல. அப்ப எங்கிட்ட இருந்தது பழைய 2.5 லிட்டர் வி-கிராஸ். தீபாவளி லீவு, மதுரையில இருந்து நாகர்கோவில் போயிட்டு அங்கருந்து கன்னியாகுமரி, வீட்டம்மா, ரெண்டு பசங்க, மச்சினன். கிளம்புறதுக்கு முந்தின வாரம் பின்னாடி ரெண்டு டயர் மட்டும் புதுசு போட்டேன், முன்னாடி இருக்கிறது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு கஞ்சத்தனம். சாத்தூர் தாண்டுனதும் மழை பிடிச்சுது, நான் பெரிய இவனாட்டம் குமிழத் திருப்பி 4ஹெச்ல போட்டேன். கோவில்பட்டி வர்றதுக்குள்ள மழையும் நின்னுச்சு ரோடும் காஞ்சுது, நான் மட்டும் அத எடுக்கல, இருந்துட்டுப் போகட்டும், சேஃப்டிதானேன்னு விட்டுட்டேன். திருநெல்வேலி பைபாஸ் தாண்டி என்.ஹெச். 44ல வண்டி கொஞ்சம் இழுத்துப் புடிச்ச மாதிரி போச்சு, எதுத்தக் காத்துன்னு நெனச்சேன்.

நாகர்கோவில்ல லாட்ஜுக்குள்ள திருப்பறப்பதான் தெரிஞ்சுது. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா வண்டி நகர மாட்டேங்குது, முன்சக்கரம் கடக் கடக்குன்னு குதிக்குது. மச்சினன் பின்னாடி இருந்து "மாமா, ஹேண்ட்பிரேக் எடுத்தீங்களா?"ங்கிறான். குமிழ 2ஹெச்சுக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கிறது) திருப்புனேன், லைட் அணையாம கண்ணடிக்குது. அங்க நிறுத்தி யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன், நான் என்ன பண்ணேன், ஸ்டியரிங்க ஒடிச்ச நிலையிலயே காங்கிரீட் சரிவுல ஆக்ஸிலேட்டர மிதிச்சேன். டப்புன்னு ஒரு சத்தம். முன் டிஃபரன்ஷியல்ல (சக்கரங்கள வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் பொட்டி) பல்லு போச்சு. டோ பண்ணுனது, சாமான், கூலி எல்லாம் சேத்து எழுபதாயிரத்துக்கு மேல. கன்னியாகுமரில சூரிய உதயம் பாத்தோம், டவுன் பஸ்ல போய். இப்பவும் வீட்டுல பஸ் ஹார்ன் கேட்டா என்னத்தான் திரும்பிப் பாக்குறாங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, வண்டி வளையிறப்ப முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம் போடும். அப்ப முன்னாடி போற ஷாஃப்ட் கொஞ்சம் கூடச் சுத்தணும். நம்ம பிக்கப்புல பெரும்பாலும் இருக்கிறது பார்ட் டைம் ஃபோர் வீல், நடுவுல டிஃபரன்ஷியல் கெடையாது, 4ஹெச் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒண்ணாப் பூட்டிக்கும், ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தியாகணும். சேத்துலயும் மணல்லயும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்த சரி பண்ணிக்கும். காஞ்ச தார் ரோட்டுல டயர் வழுக்காது, அதனால அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்டுலயும் கியர்லயும் போய் ஏறும், ஈர வேட்டியப் பிழியிற மாதிரி.

"நேர் ரோடுதானே, எங்க வளையிறோம்"னு கேப்பீங்க, நானும் அதத்தான் மெக்கானிக்கிட்ட கேட்டேன், அவரு பதில் சொல்லாம டயரக் காமிச்சாரு. பின்னாடி புதுசு, முன்னாடி தேஞ்சது. 5 மில்லிமீட்டர் தேய்மானம்னு வச்சுக்கிட்டாலும் கணக்குப் போட்டா கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 13 மீட்டர் வித்தியாசம் வருது. கோவில்பட்டியில இருந்து நாகர்கோவில் வரைக்கும் நீங்களே பெருக்கிக்கோங்க. அதனால டயர் மாத்துனா நாலும் மாத்துங்க, இல்லன்னா நாலும் ஒரே அளவு தேஞ்சு இருக்கிற மாதிரி அப்பப்ப முன்னும் பின்னும் மாத்திப் போடுங்க.

மழைக்கும் இது மருந்தில்ல. பிரேக் புடிக்கிறப்ப 4ஹெச் வண்டிய சீக்கிரம் நிறுத்தாது, தண்ணி மேல டயர் மிதக்குறதையும் தடுக்காது. மழைன்னா வேகத்தக் கொறைங்க, அவ்ளோதான். சேறு, மணல், சரளை, சிக்கிக்கிட்ட எடம், இங்கதான் 4ஹெச். (நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கிற முழு நேர ஃபோர் வீல் வண்டிக்கு இந்தக் கதை பொருந்தாது, உங்க மேனுவலப் பாருங்க.) தெரியாமப் போட்டு மாட்டிக்கிட்டீங்கன்னா மிதிக்காதீங்க, குமிழ 2ஹெச்சுக்குத் திருப்பிட்டு ஸ்டியரிங்க நேரா வச்சு மெதுவா சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்க, மண் தரை கெடச்சா இன்னும் நல்லது, முறுக்கு விட்டதும் லைட் தானா அணையும்.

கயத்தாறு தம்பி 2ஹெச்சுக்கு மாத்திட்டுத்தான் கிளம்புனான், நல்லவேள அவனுக்கு உடனே விட்டுச்சு.

காலி வண்டிக்கு லோடு ஏர்

பின்னாடி இருக்கிறது லீஃப் ஸ்பிரிங், லாரில இருக்கிற மாதிரி பட்டை பட்டையா அடுக்குன ஸ்பிரிங், வெயிட் இருந்தாத்தான் ஒழுங்கா வேல செய்யும். நாலு டிராவல் பேக் எல்லாம் அதுக்கு வெயிட்டே இல்ல. அதுல போய் ஃபுல் லோடுக்குண்டான ஏர அடிச்சா பாலத்து ஜாயிண்ட் ஒவ்வொண்ணுலயும் பின்பக்கம் ஒதுங்கிக் குதிக்கும், வளைவுல வந்துச்சுன்னா வயித்தக் கலக்கும். டிரைவர் கதவத் தெறந்தா ஸ்டிக்கர்ல லோடு இல்லாம எவ்ளோ, லோடோட எவ்ளோன்னு போட்ருப்பான். டயர் கடைக்காரர் சொல்ற நம்பர் இல்ல, அந்த நம்பர்.

காரு மாதிரி முறுக்குறது

அந்த 2.5 எஞ்சின்ல 320 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினோட முறுக்கு விசை) 1800ல இருந்து 2800 ஆர்பிஎம்முக்குள்ளயே முழுசா கெடச்சிரும். அதுக்கு மேல மிதிச்சா சத்தம்தான் கூடும். முந்தணும்னா ஒரு கியர் கொறச்சு அந்த எடத்துக்குள்ள வச்சு அழுத்துங்க, லாரி கண்ணாடில சின்னதாப் போறத ரசிக்கலாம். 90ல டாப் கியர்ல விட்டுட்டு உக்காந்தா நாள் பூரா அலுப்பே தெரியாது, டீசலும் மிச்சம். 120ல லேன் மாத்தி மாத்தி போறதுக்கு இந்த ஒசரம் சரிப்படாது.

மைலேஜுக்காக டெயில்கேட்ட (பாடியோட பின்கதவ) தெறந்து போடுறது

மூடி இருந்தா உள்ள ஒரு காத்துச் சுழல் தங்கிக்கும், வெளிக்காத்து அதுமேல வழுக்கிட்டுப் போயிரும். தெறந்தா அந்தச் சுழல் கலையும், இழுவை கூடத்தான் செய்யும். பேக் ரோட்டுல விழுறது தனி.

ஆரல்வாய்மொழில தார்ப்பாய்

நாகர்கோவிலுக்கு முன்னாடி வர்ற கணவாய் அது, அங்க சும்மாவா அத்தன காத்தாலை நட்டு வச்சிருக்கான். ஆடி மாசம் சைடுல இருந்து அடிக்கிற அடில சணல் கயிறு நிக்காது, ராட்செட் பெல்ட் வாங்குங்க. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல.

ஃபாஸ்டேக்

அதுல பதிஞ்சிருக்கிற வண்டி கிளாஸ் சரியா இருக்கான்னு வீட்டுலயே பாத்துக்கோங்க, டோல்ல நின்னு சண்ட போடாதீங்க.

பாடியில ஆள் ஏத்துறது

கூடாது. மச்சினன் கேட்டாலும்.