செங்காந்தளும் வெள்ளெலியும்: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

காட்டுப்பூ ஒன்றையும் வளை தோண்டும் எலி ஒன்றையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், "செடி நகராது, எலி ஓடும்" என்றுதான் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். அது எந்தச் செடிக்கும் எந்த எலிக்கும் பொருந்தும். அழகர்மலை அடிவாரத்துச் செங்காந்தளைப் பற்றியோ, மானாவாரிக் காட்டு வரப்பில் வளை போடும் வெள்ளெலியைப் பற்றியோ அதில் ஒன்றுமே இல்லை.

முதலில் பெயர். வெள்ளெலி என்றதும் ஆய்வகக் கூண்டில் இருக்கும் வெள்ளை எலியின் படத்தை ஒட்டிவிடுகிறார்கள். அது வேறு இனம். நம் வெள்ளெலிக்கு முதுகு மண் நிறம், வயிறுதான் வெள்ளை. பின்னங்கால் நீளம், வால் நுனியில் மயிர்க்குஞ்சம். செங்காந்தளில் இது தலைகீழ்: ஒரே இனத்தை இரண்டாக்குவார்கள். பச்சை கலந்த மஞ்சளாக விரியும் பூ நாளாக ஆகச் சிவக்கும். ஒரே கொடியில் இரண்டு நிறத்தையும் பார்க்கலாம். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக் கிழங்கும் இதேதான்.

அதைவிடப் பெரிய தவறு எண்ணிக்கையில். சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு "காந்தள் அழிந்துவிட்டது" என்று எழுதிவிடக் கூடாது. கொடி காய்ந்திருக்கும், கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே முட்புதருக்குப் போங்கள். இலை நுனி சுருண்டு, முள்ளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கும்.

எலியிலோ கணக்கு கூடிப்போகும். ஒரு வளைக்குப் பல வாய்கள். பத்து வாய் என்றால் பத்து எலி ஆகாது. குறுக்கே சிலந்தி வலை கட்டியிருந்தால் அது புழங்காத வாய். சாயங்காலம் எல்லா வாயையும் மண்ணால் மூடிவிட்டு, விடிந்ததும் எத்தனை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். அப்போதும் கிடைப்பது புழக்கத்தில் உள்ள வாய்களின் எண்ணிக்கைதான், எலிகளின் தலைக்கணக்கு அல்ல.

சரி, "இரண்டும் மண்ணுக்குள் ஒளிகின்றன" என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். எனக்குப் பிடித்த இடமே இதுதான். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே வறட்சி. எலி பகலை மட்டும் உள்ளே கழித்துவிட்டு இரவில் இரை தேட வெளியே வருகிறது. காந்தள் கொடியையே உதறிவிட்டு, சேர்த்துவைத்த கிழங்கோடு மாதக்கணக்கில் மழைக்குக் காத்திருக்கிறது. ஒன்று நாளை வைத்து வாழ்கிறது, மற்றது பருவத்தை வைத்து.

அப்புறம், கிழங்கைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். அதில் கோல்கிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. உண்ணும் கிழங்கென்று தின்று உயிர் விட்டவர்கள் உண்டு. வளைக்குள் கையும் விடாதீர்கள். எலியைத் தேடிப் பாம்பும் அதே வாய் வழியாகத்தான் போகும்.