ஒரு வாய்தான, ஒண்ணும் செய்யாது

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வரத்து தொடங்கிவிடும். அருவியில் குளித்த பசியோடு எல்லாரும் பிரானூர் பார்டருக்குப் புரோட்டா தின்னப் போவோம். போன சீசனில் அப்படிப் போன பன்னிரண்டு பேரில் எங்கள் மதினிக்கு மட்டும் கோதுமை ஆகாது. அன்றைக்கு நாங்கள் செய்யாத தவறு பாக்கி இல்லை.

கடைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் மதினி ஞாபகமே வந்தது. அடுப்பைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மைதா. "அவளுக்கு ஒரு ஆம்லெட் சொல்லு" என்று தீர்ப்பு எழுதினோம். ஆம்லெட் வந்தது, புரோட்டா வெந்த அதே கல்லிலிருந்து. மதினிக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். கல்லில் ஒட்டிய துணுக்கு போதும். இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கடைக்காரர் மேல் குற்றமில்லை. நாங்கள் கேட்கவே இல்லை.

எங்கே சாப்பிடுவது என்பதை ஆகாதவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். மற்ற பதினோரு பேருக்கு எந்தக் கடையிலும் ஏதாவது கிடைக்கும்.

அடுத்தது சித்தப்பாவின் தவறு. "ஒரு வாய்தான, ஒண்ணும் செய்யாது, தின்னு தாயி" என்று தன் தட்டிலிருந்து பிய்த்து நீட்டினார். பாசம்தான். ஆனால் நம் பேச்சில் 'சேராது', 'ஆகாது' என்று ஒரே சொல்லில் மூன்று வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம் குறைந்தவருக்கு அளவுதான் கணக்கு. டீயில் ஊற்றிய கொஞ்சம் பாலும் தயிரும் பலருக்கு ஒன்றும் செய்யாது, ஒரு டம்ளர் பால் வயிற்றை ஊதிவிடும். சீலியாக்கில் 'கொஞ்சம்' என்ற பேச்சே இல்லை. வேர்க்கடலை, இறால், முட்டை என்று அலர்ஜி உள்ளவருக்கோ ஒரு வாய் உயிருக்கே ஆபத்தாகலாம். உதடு வீங்கி மூச்சு இழுத்தால் இஞ்சிக் கஷாயம் தேடக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். இந்த மூன்றில் எது என்று தெரியாதவர் வற்புறுத்தவே கூடாது. தெரிந்தவர் எப்படியும் வற்புறுத்த மாட்டார்.

கேட்பதிலும் தவறு உண்டு. "இதுல கோதுமை இருக்கா?" என்றால் பரிமாறுகிற தம்பி "இல்லைக்கா" என்பார். பொய் சொல்லவில்லை. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான் என்பது அவர் நினைப்பில் இல்லை. அந்தத் தம்பி அஸ்ஸாமிலிருந்து வந்தவராக இருந்தால் நம் கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. பொருளைப் பேர் சொல்லி, சமையல்காரரிடமே கேட்க வேண்டும். பெருங்காயத்தையும் விடக் கூடாது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கிறது. அரிசிச் சோறும் சாம்பாரும்தானே என்று நினைக்கிற இடத்தில் அது காலை வாரும்.

புளியரை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு பக்கம் போனால் கேள்வி மாறுகிறது. புட்டு என்றதும் அரிசி என்று நம்பிவிடக் கூடாது, கோதம்புப் புட்டும் உண்டு. பால் ஆகாதவருக்கு அப்பத்துக்கு ஊற்றுகிற தேங்காய்ப்பாலைத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள். பேரில்தான் பால், அதில் லாக்டோஸ் கிடையாது. தடுக்கிற அதே ஆட்கள் தயிர் சேர்ந்த அவியலையும் காளனையும் தாராளமாக இலையில் வைப்பார்கள். பாயசத்தில் பாலடை என்றால் பாலில் செய்தது, அடைப் பிரதமன் என்றால் பெரும்பாலும் தேங்காய்ப்பாலும் வெல்லமும். டீக்கு வழி சுலபம். 'கட்டன்' என்று சொன்னால் போதும், பால் இல்லாமல் வரும். செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால் எங்கள் கிழவிகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. நாங்கள்தான் புரோட்டாவோடு நின்றுவிட்டோம்.

கடைப் பலகையில் எழுதியிருக்குமே என்று சிலர் சொல்வதுண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி மெனுவில் அலர்ஜி விவரம் போட வேண்டியது மத்திய உரிமம் பெற்ற கடைகளும் பத்து இடத்திலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கிற கடைகளும்தான். சாலையோர ஓட்டலில் வாயால் கேட்பதுதான் வழி.

பால் ஆகாதவர்களுக்குக் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு கலக்கும். செங்கோட்டையில் காப்பி குடித்தவருக்கு வேன் மலை ஏறும்போதோ தென்மலையை நெருங்கும்போதோ அவசரம் வரலாம். அப்போது "இப்பத்தான நிறுத்தினோம்" என்று யாரும் முனகக் கூடாது. டிரைவரிடம் நாமே சொல்லி நிறுத்த வேண்டும். காரணத்தை வண்டி முழுக்க ஒலிபரப்பவும் வேண்டாம். எனக்குத் தெரிந்து பலர் வெளியூர்ப் பயணத்தில் பட்டினியாக வருவது இந்த முனகலுக்குப் பயந்துதான்.

"பாவம், நீ ஒண்ணுமே சாப்பிட முடியாதே" என்பதும் வேண்டாம். மதினிக்கு அது ஆம்லெட்டை விட மோசம். எல்லார் கண்ணும் அவர் இலை மேல் விழுந்துவிடும், அப்புறம் நோய் விசாரணை, வைத்தியம், யாரோ ஒருவருடைய சித்தி மகளுக்கு ஆயுர்வேதத்தில் குணமான கதை. பில்லைப் பன்னிரண்டாகப் பிரித்தபோது இரண்டு பழமும் அந்த ஆம்லெட்டும் சாப்பிட்டவரிடமும் நாங்கள் முழுப் பங்கு வாங்கினோம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

இந்த சீசனுக்கு மதினி டப்பாவில் இட்லி கொண்டுவந்தார். வெளிச் சாப்பாட்டை உள்ளே வைத்துச் சாப்பிடலாமா என்று சித்தப்பாதான் முன்னால் போய் முதலாளியிடம் கேட்டார். அவர் ஒரு வாழை இலையும் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார்.