முழுகிப்போன ஊரை போஸ்ட் கார்டு வச்சு கண்டுபிடிச்ச கதை

மேட்டூர் டேம் கட்டுனப்ப தண்ணிக்குள்ள போனதுதான் கொள்ளுத்தாத்தா ஊர்னு வீட்ல சொல்வாங்க, ஆனா எந்த மேப்லயும் பேர் சிக்கல. பின்கோடு வச்சு ரெண்டு வாரம் தேடுனேன், அதுவே 1972லதான் வந்துச்சு, டேம் முடிஞ்சது 1934ல! அப்புறம் டிரங்குப்பெட்டில ஒரு போஸ்ட் கார்டு கிடைச்சுது, ராஜா தலை அச்சு, மை பரவுன வட்ட முத்திரை, போன்ல ஜூம் பண்ணா பாதி எழுத்துதான் தெரியுது, ஆனா அட்ரஸ்ல ஊர் பேருக்கு கீழ 'பவானி தாலுகா, கோயமுத்தூர் ஜில்லா'னு தெளிவா இருக்கு. நான் சேலத்துல தேடிட்டு இருந்திருக்கேன்! இப்ப ஈரோடுல இருக்குற பவானி 1979 வரை கோயமுத்தூர்தான். பழைய தபால் ஆபீஸ் லிஸ்ட்ல கோயமுத்தூர் ஜில்லா பக்கத்தை புரட்டுனதும் ஊர் பேர் இருந்துச்சு. இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேற மாதிரி இருக்கும், நாலஞ்சு விதமா எழுதி தேடுங்க. அந்தப் பேரை பார்த்து அம்மா அழுதுட்டாங்க.