இரண்டாவது கேமரா மாட்டுவதற்கு முன்

போன வாரம் ஒரு தம்பி தன் ட்ரோனில் இரண்டாவது கேமரா மாட்டிவிட்டுக் காட்ட வந்தான். மேசையில் வைத்து ரிமோட்டில் சுவிட்சைத் தட்டினான். முன் கேமரா, கீழ் கேமரா, மறுபடி முன் கேமரா. "படம் மாறுதுண்ணா, முடிஞ்சுது" என்றான். ஒரு காலத்தில் நானும் இதே சிரிப்போடு நின்றவன்தான். அதனால் இரண்டாவது கேமரா மாட்டும்போது செய்யும் தவறுகளின் பட்டியல் இது, அனலாக் (டிஜிட்டல் அல்லாத) வீடியோவுக்கு மட்டும். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, ஆன்டெனா இல்லாமல் விடிஎக்ஸை (வீடியோ அனுப்பும் கருவியை) ஓடவிடுவது எல்லாம் இங்கே வராது. அவற்றைப் புகையே கற்றுக்கொடுத்துவிடும்.

பாலும் என்டிஎஸ்சியும் கலப்பது

குடிக்கிற பால் இல்லை. அனலாக் வீடியோவில் இரண்டு முறைகள் உண்டு. பால் என்றால் 625 வரி, நொடிக்கு 25 பிரேம். என்டிஎஸ்சி என்றால் 525 வரி, ஏறக்குறைய 30 பிரேம். பெரும்பாலான காகிள்ஸ் (கண்ணில் மாட்டிப் படம் பார்க்கும் திரை) எது வந்தாலும் தானே கண்டுபிடித்துக் காட்டிவிடும். நாம் ஏமாறுவது அதில்தான்.

சிக்கல் ஓஎஸ்டியில் இருக்கிறது. படத்தின் மேல் எழுத்து போடும் மேக்ஸ்7456 வகை சிப், பாலில் 16 வரிசை எழுதும், என்டிஎஸ்சியில் 13தான். அதற்குக் கீழே எதை வைத்திருந்தாலும் திரைக்கு வராது.

என் முன் கேமரா பால். கீழே பார்க்க மாட்டிய பழைய கேமரா என்டிஎஸ்சி. பார்வையை மறைக்க வேண்டாமே என்று பேட்டரி வோல்டேஜை 15ஆம் வரிசையில் வைத்திருந்தேன், எச்சரிக்கை வரியை அதற்கு மேலே 14இல். மேசையில் சோதித்தபோது படம் மாறுகிறதா என்று பார்த்தேனே தவிர, எழுத்து இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மேலே ஏற்றி, கீழ் கேமராவுக்கு மாறி, ஒரு கூரையை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வோல்டேஜ் கண்ணில் படவில்லை. அது படவில்லை என்பதும் மண்டையில் ஏறவில்லை. முன் கேமராவுக்குத் திரும்பினால் செல்லுக்கு 3.1 வோல்ட். பதறி இறக்கினேன். கடைசியில் தாங்கிப் பிடிக்கத் திராட்டில் கொடுத்ததும் வோல்டேஜ் படுத்துவிட்டது, ட்ரோன் கல் மாதிரி விழுந்தது. இரண்டு ஆர்ம், ஒரு மோட்டார், ஜிபிஎஸ், வீங்கிப்போன பேட்டரி.

இன்னும் எரிச்சலாக இருப்பது செலவு இல்லை. அந்தக் கேமராவின் மெனுவிலேயே பால் என்று மாற்றும் இடம் இருந்தது. அரை நிமிட வேலை.

சில தெர்மல் கேமராக்களில் மாற்ற முடியாது. வாங்கும்போது எந்த முறையோ அதேதான். அப்போது முன் கேமராவை அதற்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். பெட்டாஃபிளைட்டில் (ட்ரோனைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) வீடியோ முறையைப் பால் என்று அழுத்தி வைத்தால் கேமராவும் மாறிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மாறாது. வேறு வழியே இல்லையென்றால், உயிர் நாடியான எண்களையெல்லாம் முதல் 13 வரிசைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

இரண்டும் ஒரே முறையாக இருந்தாலும், மாற்றும் நொடியில் படம் ஒரு குதி குதிக்கும். இரண்டு கேமராவின் சிங்க்கும் (ஒவ்வொரு பிரேமும் தொடங்கும் நேரம்) ஒன்றோடொன்று பொருந்தி ஓடுவதில்லை, அவ்வளவுதான். மரத்துக்குப் பக்கத்தில் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கிரவுண்டை மறப்பது

கேமராவுக்கு 5 வோல்ட் ஒரு மூலையிலிருந்து, வீடியோ கம்பி மட்டும் தனியாக இன்னொரு மூலைக்கு. திராட்டில் ஏற ஏறப் படத்தில் கோடுகள் ஓடும். உடனே கேமராவைக் குறை சொல்லிப் புதுசு வாங்குவார்கள், அதிலும் கோடு வரும். ஒவ்வொரு கேமராவின் வீடியோ கம்பியோடும் அதன் கிரவுண்டு (மைனஸ்) கம்பியை முறுக்கி, கேமராவை மாற்றும் சுவிட்ச் பலகை வரை சேர்த்தே கொண்டுபோங்கள். அப்புறமும் கோடு இருந்தால் பேட்டரி முனையில் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒய் கேபிள்

இரண்டு கேமராவை ஒரே வீடியோ கம்பியில் சேர்த்தால் இரண்டு படமும் கிடைக்காது.

இரண்டு விடிஎக்ஸ்

ஒரே ட்ரோன் சட்டகத்தில் வேண்டாம். சூடு, எடை, ஒன்றின் இரைச்சல் மற்றதில்.

ஃபெயில்சேஃப்

பெட்டாஃபிளைட்டில் ரிமோட்டின் சிக்னல் போனால் ஆக்ஸ் சேனல்கள் (ரிமோட்டின் சுவிட்சுகளுக்கான சேனல்கள்) கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். நாமாக மாற்றாதவரை அப்படித்தான். அதாவது கீழ் கேமராவில் இருக்கும்போது சிக்னல் போனால், காகிள்ஸில் தரைதான் தெரியும், எந்தப் பக்கம் போகிறது என்று புரியாது. கேமரா சேனலுக்கு மட்டும் முன் கேமராவின் மதிப்பைக் குறிப்பிட்டு வையுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, கீழ் கேமராவில் இருக்கும்போதே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். படம் முன்னால் திரும்பாவிட்டால் இன்னும் பறக்கவிட வேண்டாம்.