கையில் நரம்புக் கட்டி: கத்தி வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கையில் கட்டி என்றாலே ‘கொழுப்புக் கட்டிதான், எடுத்துடலாம்’ என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். தொட்டால் விரல் நுனி வரை ஷாக் அடிக்கிற கட்டியை மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள், அது நரம்பிலேயே வளர்ந்த கட்டியாக இருக்கலாம். கொழுப்பென்று நினைத்து, மரத்துப்போக ஊசி போட்டு அவசரமாக எடுத்தால் நரம்பும் சேர்ந்து அறுபடலாம். அப்புறம் மணிக்கட்டு தொங்கும், அல்லது விரல்கள் மடங்கிக்கொள்ளும்.

கையைத் தளர்வாக மேசைமேல் வைத்து, கட்டியை இரண்டு விரலால் பிடித்து நகர்த்திப் பாருங்கள். நரம்புக் கட்டி பக்கவாட்டில் நகரும், நீளவாக்கில் நகராது. பிறகு அதன்மேல் லேசாகத் தட்டுங்கள். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் கூச்சம் ஓடினால் அல்நார் நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மீடியன். புறங்கையில் கட்டைவிரல் பக்கம் என்றால் ரேடியல். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம்.

முழங்கை உட்புறம் நரம்பு நீளமாகத் தடித்து, தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமலும் இருந்தால் முதலில் தொழுநோயைச் சோதிக்க வேண்டும். அதற்கு மாத்திரைதான் வைத்தியம். உடம்பில் பால் காப்பி நிறத் திட்டுகள், பெரியவர்களுக்கு 1.5 செ.மீ.க்கு மேல் அகலமாக, ஆறோ அதிகமோ இருந்தால் நரம்புகளில் பல கட்டிகள் வரும் பரம்பரை நியூரோஃபைப்ரோமா நோய் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டியின் இரு முனையிலும் நரம்பு தொடர்வது தெரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. அடுத்தது எம்.ஆர்.ஐ. படம் தெளிவாக ஸ்வானோமா (நரம்பின் உறையில் வளரும், பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டி) என்று காட்டினால் ஊசி குத்திச் சதை எடுக்கச் சொல்லாதீர்கள். வலி ஒரு பக்கம், உள்ளே தழும்பு விழுந்து பின்னால் கட்டியைப் பிரிப்பது கடினமாகும். வேகமான வளர்ச்சி, 5 செ.மீ.க்கு மேல் அளவு, இரவில் சும்மா இருக்கும்போதே வலி, கையில் பலக்குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கணக்கு வேறு. அப்போது புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில், ஸ்கேன் பார்த்தபடி பயாப்ஸி (சோதனைக்குச் சிறு சதை) எடுக்க நேரலாம்.

சிறிய, வலியில்லாத கட்டியை அளந்து குறித்துக்கொண்டு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். வலித்தாலும் வளர்ந்தாலும் அறுவை. சேலம், ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பிக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மைக்ராஸ்கோப், நரம்பு ஸ்டிமுலேட்டர் (லேசான மின்சாரத்தால் நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவி) உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். நரம்பை மரக்க வைத்துவிட்டாலோ தசையைத் தளர்த்தும் மருந்து நீடித்தாலோ ஸ்டிமுலேட்டரால் பயனில்லை.

அறுவையில், நரம்பிழைகள் இல்லாத இடம் பார்த்து நரம்பின் உறையை நீளவாக்கில் கீறினால், பழுத்த காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் கொட்டை வருவதுபோல் ஸ்வானோமா வெளியே வரும். நியூரோஃபைப்ரோமா அவ்வளவு லேசில் வராது. இழைகள் அதனுள்ளேயே ஓடுவதால், வேலை செய்யும் இழையைக் காப்பாற்றக் கட்டியில் கொஞ்சம் விட்டுவைப்பதும் உண்டு. எடுத்ததைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பி, ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள்.

மரமரப்பு சில வாரமோ மாதமோ இருக்கும். அறுபட்ட இழை நாளைக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும், அவசரப்பட்டு ஆகாது. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். விரல்களை டாக்டர் சொன்ன நாளிலிருந்து அசையுங்கள். ஊர் திரும்பும்போது ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கம்பியை மறுகையால் பிடியுங்கள். விரல் வெளிறினாலோ வீக்கம் இறுகினாலோ மணிக்கட்டு தூக்க வராவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.