தள்ளும் ஈர்ப்பு: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈர்ப்பு இழுக்க மட்டும்தான் செய்யுமா, தள்ளவும் செய்யுமா? அண்டவியல் வகுப்பில் ஒவ்வொரு செமஸ்டரும் யாராவது கேட்டுவிடுவார்கள். தள்ளும், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அந்தப் பதிலுக்குப் போகும் வழியில் புதியவர்கள் வழுக்கும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. கணக்கில் குறி தவறுவது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

எதிர்ப்பொருள் மேலே போகும் என்பது

போகாது. எதிர்ப்பொருள் என்பது சாதாரணப் பொருளின் துகள்களுக்கு எதிர் மின்னூட்டம் கொண்ட இணைத் துகள்களால் ஆனது. 2023-ல் செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு எதிர்-ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் பொறியிலிருந்து விடுவித்துப் பார்த்தது. பெரும்பாலானவை கீழேதான் விழுந்தன.

எதிர்மறை அழுத்தம் அண்டத்தைப் பிடித்துத் தள்ளுகிறது என்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவர் பலகையில் பெட்டி வரைந்து, உள்ளிருந்து வெளியே அம்புகள் போட்டு, "எதிர்மறை அழுத்தம், அதனால் விரிகிறது" என்றார். வெளியே தள்ளினால் அது நேர் அழுத்தம் ஆயிற்றே என்றேன். அம்புகளை உள்பக்கம் திருப்பினார். இப்போது அண்டம் சுருங்க வேண்டும்! சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு படமும் தவறு. சைக்கிள் ட்யூப் வீங்குவது உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு என்பதால். அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலின் அழுத்தமோ எங்கும் ஒரே அளவு. வித்தியாசம் இல்லாத இடத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை.

அப்புறம் எப்படி விரிவின் வேகம் கூடுகிறது? ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் நிறை மட்டுமல்ல, அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்கும். ஆற்றல் அடர்த்தியோடு அழுத்தத்தின் மூன்று மடங்கைக் கூட்டுங்கள். விடை நேர் எண்ணானால் விரிவு மெதுவாகும், எதிர் எண்ணானால் வேகமெடுக்கும். இருண்ட ஆற்றலுக்கு எளிய விளக்கம், அது காலி இடத்துக்கே உரிய வெற்றிட ஆற்றல் என்பது. அதன் அடர்த்தியை 1 என்று வைத்தால் அழுத்தம் −1, அதன் மூன்று மடங்கைக் கூட்டினால் −2. தள்ளும் ஈர்ப்பு என்பது இதுதான். அழுத்தம் ஏன் −1? இடம் விரிந்தாலும் அந்த அடர்த்தி நீர்த்துப்போவதில்லை. கன அளவு இரட்டித்தால் உள்ளிருக்கும் ஆற்றலும் இரட்டிக்கும். விரிய விரிய ஆற்றல் கூடுகிறது என்றால் அழுத்தம் எதிர்மறையாகத்தான் இருந்தாக வேண்டும்.

அம்புப் படத்தோடு மேலே போகிறவர்கள் அடுத்த பாடத்திலும் மாட்டிக்கொள்வார்கள். தொடக்க கால அண்டத்தில் கதிர்வீச்சின் அழுத்தம் விரிவை வேகப்படுத்தியது என்று தேர்வில் எழுதுவார்கள். உண்மையில் அது நேர் அழுத்தம், அதனால் பிரேக் போட்டது. நியூட்ரான் நட்சத்திரம் ஓர் எல்லைக்கு மேல் தாங்காமல் நொறுங்குவதற்கும், அழுத்தமே ஈர்ப்பைக் கூட்டிவிடுவது ஒரு காரணம்.

எதிர் நிறையும் எதிர்மறை அழுத்தமும் ஒன்று என்பது

இல்லை. எதிர் நிறை என்பது பூஜ்யத்துக்கும் கீழான நிறை. இயற்பியலாளர் ஹெர்மன் போண்டி 1957-ல் அதைக் காகிதத்தில் அலசினார். யாரும் கண்ணால் கண்டதில்லை.

தள்ளும் ஈர்ப்பை வைத்துப் பறக்கலாம் என்பது

முடியாது. ஒரு கன மீட்டரில் இருக்கும் இருண்ட ஆற்றல் சில புரோட்டான்களின் நிறைக்குத்தான் சமம். 1998-ல் அதன் விளைவைக் கண்டுபிடிக்கவே பல நூறு கோடி ஒளியாண்டு தள்ளி வெடித்த சூப்பர்நோவாக்களைப் பார்க்க வேண்டியிருந்தது.